மீசை வாத்தியாரின் கூட்டணிப் போர்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகால் மணி.

வாழ்க அந்த மீசை! இரு கன்னங்களின் எல்லைவரை ஆட்சி செலுத்தி, நுனிகளில் வான்நோக்கி வளைந்து, காற்றடித்தால் கலையாமலும் தேநீர் பட்டால் தளராமலும், திருமணத்துக்கு முந்திய நாள்முதல் இன்றுவரை ஒரே முகத்தில் எதிர்ப்பாரின்றி முடிசூடி நின்ற அந்தக் கருமுகிற் படலம் வாழ்க! அதைத் தாங்கிய மேலுதடு வாழ்க! அந்த உதட்டுக்கு உரியவரும், கிளட்சுக்கும் பிரேக்குக்கும் வேற்றுமை அறியாத கால்களுக்கு அறிவூட்டியவரும், நடுச்சாலையில் மாணவர் வண்டியை அணைத்துவிட்டு விழிக்கையில் பின்னால் எழும் ஹாரன் பேரொலியைக் குழலிசைபோல் கேட்டிருக்கும் நெஞ்சுரம் படைத்தவருமாகிய டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் நீடு வாழ்க!

ஊரில் அவரை மீசை வாத்தியார் என்றார்கள். அவருடைய பள்ளியின் பெயர்ப்பலகையில் காரின் படம் சிறிது. மீசையின் படம் பெரிது.

அந்த மாவீரர் அன்று காலை வீட்டைவிட்டுப் புறப்பட்டது போர் கருதி அன்று. குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"சலூனுக்குத்தானே போறீங்க? வரும்போது குழாய்க்கு ஒரு வாஷர் வாங்கிட்டு வாங்க. மறந்துடாதீங்க" என்றாள் மனைவி.

"நான் எதை மறந்திருக்கேன்?"

"போன வாரம் இதையேதான்."

வீரர் மீசையை ஒருமுறை நீவி, செருப்பை மாட்டி, தெருவில் இறங்கினார்.

அந்நாட்டில் தேர்தல் முடிந்திருந்தது, ஆட்சி தொடங்கவில்லை. ஒருபுறம் பீரோச் சின்னத்துப் பெருங்கட்சி. மறுபுறம் அண்டாச் சின்னத்துப் பெருங்கட்சி. இரு மதயானைகளும் மோதி, இரண்டுக்கும் ஆட்சியமைக்க நாலைந்து இடங்கள் குறைய, மூச்சிரைத்து நின்ற வேளையில், இரண்டுக்கும் நடுவே சட்டைப்பையிலிருந்து தவறி விழுந்ததுபோல் கிடந்தது சீப்புச் சின்னத்துச் சிறுகட்சி. அதனிடம் ஆறு இடங்கள் இருந்தன. நேற்றுவரை பொதுக்கூட்டத்துக்கு நாற்காலி இரவல் வாங்கிய அக்கட்சியின் வாசலில் இன்று இரு பேரரசுகளின் கார்களும் நிறுத்த இடமின்றி ஒன்றையொன்று உரசி நின்றன.

சீப்புக்கு வாக்களித்தவர்கள் ஊரில் பலர். அவர்களில் பாதிப்பேரை வாக்குச்சாவடிக்கு அனுப்பியவர் மீசை வாத்தியார். முதல் கியர் போடச் சொல்லும்போதே சீப்புக்குப் போடவும் சொன்னார். வண்டியைப் பின்னால் எடுக்கையில் பீரோவையும் அண்டாவையும் திட்டினார். அதுமட்டுமென்றால் பாதகமில்லை. தேர்தலுக்கு முந்திய வாரம், இதே சலூனில், இதே நாற்காலியில் அமர்ந்து, சாட்சிகள் முன்னிலையில் அவர் முழங்கிய வாசகம் ஒன்று உண்டு:

"சீப்பு தனியா நிக்கும். எந்தப் பெரிய கட்சியோட மடியிலயும் போய் உக்காராது. உக்காந்துச்சுன்னா இந்த மீசையை இதே இடத்துல எடுத்துடறேன்!"

ஊர் அதை மறக்கவில்லை. வாஷரை மறப்பதற்கு அவர் ஒருவர் இருந்தார். சபதத்தை நினைவில் வைக்க எல்லாரும் இருந்தார்கள்.

சலூன் அன்று போர்க்கோலம் பூண்டிருந்தது. ஒரே ஒரு சுழல்நாற்காலி; அதன் முன்னே நெடிய கண்ணாடி; கண்ணாடிக்கு மேலே, செய்திகளை இடைவிடாது பொழியும் தொலைக்காட்சிப் பெட்டி; சுவரோரம் காத்திருப்போருக்கான பெஞ்சு. பெஞ்சில் மருந்துக்கடைக்காரர் வீற்றிருந்தார். அவருக்கு முடிவெட்ட வேண்டிய தேவை எதுவும் இல்லை. வெட்டுவதற்குரிய முடியும் அதிகம் இல்லை. வாசல் நிலையில் சாய்ந்து, கழுத்தில் அளவுநாடா தொங்க, பக்கத்துத் தையற்கடை அக்கா நின்றிருந்தார். எல்லாரும் சீப்புக்கு வாக்களித்தவர்கள். சலூன்காரரோ சின்னத்தைப் பார்த்த மாத்திரத்தில் வாக்களித்தவர். தொழிலுக்குச் செய்த மரியாதை என்று அதை அவர் விளக்குவார்.

"வாங்க வாத்தியாரே, உக்காருங்க. கத்தியைத் தீட்டித்தான் வெச்சிருக்கேன்" என்றார் சலூன்காரர்.

"தாடிக்கு மட்டும்" என்றார் வாத்தியார்.

"இப்போதைக்கு" என்றார் மருந்துக்கடைக்காரர், தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வெண்துகில் விரிந்தது, வீரரின் கழுத்தில் முடிச்சு விழுந்தது. இரு கைகளும் துகிலுக்குள் சிறைபுகுந்தன. பாற்கடல்போல் நுரை எழுந்து கன்னங்களை மூட, நடுவே மீசை மட்டும் கரிய தீவாக மிதந்தது.

இங்கே வாத்தியாரின் வலக்காலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பயிற்சிக் காரில் வாத்தியார் அமரும் பக்கத்தின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. மாணவர் சுவரை நோக்கிச் செல்லும்போதும், மாட்டை நோக்கிச் செல்லும்போதும், போலீஸ்காரரை நோக்கிச் செல்லும்போதும் அதை மிதித்து மிதித்து, அந்தக் கால் தனக்கென ஓர் உயிர் பெற்றுவிட்டது. அச்சம் வந்தால் அது மிதிக்கும். உடையவரைக் கேட்காது. திரையரங்கில் மிதிக்கும், தூக்கத்தில் மிதிக்கும், மனைவி "ஒரு விஷயம் சொல்லணும்" என்று தொடங்கினால் மிதிக்கும். சலூன் நாற்காலியின் இரும்புக் கால்தாங்கியில் அது விழும்போது 'டங்' என்று கண்டாமணி ஒலிக்கும். ஆகவே சலூன்காரர் மற்றவர்களுக்கு முகம் பார்த்துச் சவரம் செய்வார். வாத்தியாருக்குக் கால் பார்த்துச் செய்வார். பெருவிரல் விறைத்தால் கத்தி பின்வாங்கும். பல ஆண்டுகளாக ஒரு கீறல் இல்லை.

தொலைக்காட்சியில் சீப்புத் தலைவர் தோன்றினார். பீரோத் தலைவர் அவருடைய கையைப் பற்றிக் குலுக்கினார்.

டங்.

கத்தி பின்வாங்கியது.

"பாத்தீங்களா, கையைக் கொடுத்தாச்சு" என்றார் மருந்துக்கடைக்காரர். "பீரோ வேணாம், அண்டா வேணாம்னுதானே சீப்புக்குப் போட்டோம்? இப்ப சீப்பைக் கொண்டுபோய்ப் பீரோவுக்குள்ளயே வெச்சுப் பூட்டினா என்ன அர்த்தம்?"

"சீப்பை வேற எங்க வெப்பாங்க?" என்றார் தையற்கடை அக்கா. "ஆறு பேரும் எதிர்வரிசைல உக்காந்து கொட்டாவி விடறதுக்கா நான் வேலையை விட்டுட்டு வரிசைல நின்னேன்? சேரட்டும். சேந்து நாலு காரியத்தை வாங்கட்டும்."

"கொள்கைன்னு ஒண்ணு இருக்கும்மா!"

"உங்க கடைல கேட்ட மாத்திரை இல்லைன்னா வேற கம்பெனி மாத்திரையைத் தர்றீங்களே, அப்ப எங்க போச்சு?"

மருந்துக்கடைக்காரர் இந்தக் கணையை எதிர்பார்க்கவில்லை. கேடயம் தேடிப் பெஞ்சைத் துழாவியவர், பழைய வாரப்பத்திரிகை ஒன்றை எடுத்து விசிறிக்கொண்டார்.

வாத்தியார் மௌனம் காத்தார். நுரைக்குள் பேசுவது அரிது என்பதும் ஒரு காரணம். மற்றொரு காரணம் திரையின் அடியில் ஓடியது. சீப்புக் கட்சி வைத்த நிபந்தனைகள் வரிசையாக நகர்ந்தன. அவற்றுள் மூன்றாவது, ஊருக்கொரு ஓட்டுநர் தேர்வுத் திடல்.

அந்த எழுத்துகள் அவர் நெஞ்சில் எழுப்பிய அலையை யார் அறிவார்! அவ்வூரில் தேர்வுத் திடல் இல்லை. அவருடைய மாணவர் ஒவ்வொருவரும் விடியுமுன் பேருந்தேறி அடுத்த மாவட்டத்துக்குப் போய், அறியாத மேட்டில், அறியாத வளைவில், அறியாத அதிகாரியின் முன் வண்டியோட்ட வேண்டும். மருத்துவமனைச் செவிலி ஒருத்தி இருந்தாள். அவருடைய மாணவர்களிலேயே கெட்டிக்காரி. ஊருக்குள் அவள் ஓட்டும்போது அந்த வலக்கால் உறங்கும். இரவுப்பணி முடித்து அப்படியே பேருந்தேறிப் போனவள், மேட்டில் வண்டியைப் பின்னால் உருளவிட்டுத் திரும்பிவந்தாள். மறுமுறையும் அப்படியே. "எனக்கு வராது சார், விட்டுடுங்க" என்றாள். அவளுக்கு வரும். தூக்கம்தான் இல்லை. அதற்காகவே வாத்தியார் சீப்பை நாடினார். இந்தத் திடலைப் பற்றி வாய் திறந்த ஒரே கட்சி அதுதான்.

ஆக, ஒரு மார்பில் இரு படைகள். சீப்பு சேர்ந்தால் திடல் வரும், மீசை போகும். சேராவிட்டால் மீசை நிற்கும். செவிலி மறுபடியும் பேருந்தேறுவாள். எந்தக் காவியத் தலைவனுக்கும் இப்படியொரு இக்கட்டு, கழுத்தில் துண்டோடு வந்ததில்லை.

அப்போது துகிலுக்குள்ளிருந்து ஒரு முழக்கம் எழுந்தது. வாத்தியாரின் கைபேசி. பொத்தான் வைத்த பழைய கைபேசி. பல் தேய்ந்த போர்க்கருவி. ஆனால் அதன் ஒலிபெருக்கிக்கு மட்டும் மூப்பு வரவில்லை.

"கட்சி போனா இருக்கும்" என்றார் சலூன்காரர். "ஓட்டுப் போட்டவங்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேக்கறாங்களாம். காலைல எனக்கும் வந்துச்சு."

"ஸ்பீக்கர்ல போடுங்க வாத்தியாரே" என்றார் மருந்துக்கடைக்காரர் எழுந்து நின்று. "உங்க கருத்தை எல்லாரும் கேப்போம்."

மறுத்தால் ஐயம் பிறக்கும். வீரர் துகிலுக்குள்ளேயே ஒலிபெருக்கியைத் தட்டினார். சீப்புத் தலைவரின் பதிவுக்குரல் சலூனை நிறைத்தது.

"அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே, வணக்கம். நாம் கூட்டணி ஆட்சியில் சேரலாம் என்றால் எண் ஒன்றை அழுத்துங்கள். வேண்டாம் என்றால் எண் இரண்டை அழுத்துங்கள்."

காற்று அடங்கியது. கத்தி அந்தரத்தில் நின்றது. அளவுநாடா ஆடவில்லை. பிரேக்கைக் காணாமலே காணும் கால் எப்படியோ, பொத்தானைக் காணாமலே காணும் கட்டைவிரலும் அப்படியே. அது இருளில் இரண்டை நோக்கிப் புறப்பட்டது. வழியில் கைப்பையோடு செவிலி நின்றாள். விரல் நின்றது, தயங்கியது, திரும்பியது, அழுத்தியது.

"ரெண்டு!" என்று கூரை அதிர முழங்கினார் வாத்தியார். "தனித்தே நிப்போம்! அழுத்தியாச்சு!"

மருந்துக்கடைக்காரர் கைதட்டினார். இரண்டாம் தட்டு விழுமுன் கைபேசி பேசியது.

"நீங்கள் அழுத்திய எண், ஒன்று. இதை மாற்ற விரும்பினால் பூஜ்யத்தை அழுத்துங்கள்."

கண்ணாடியில் நான்கு முகங்கள் தெரிந்தன. மூன்று முகங்கள் நான்காவதைப் பார்த்தன. நான்காவது, நுரையையும் மீறிச் சிவந்தது. விரலுக்கடியில் பூஜ்யம் இருந்தது. ஓர் அழுத்தம். அவ்வளவுதான், மீசையும் மானமும் ஒருங்கே மீளும், விரல் வழுக்கிவிட்டது என்றால் நம்பவும் ஆளிருக்கும்.

அவர் அழுத்தவில்லை.

"நன்றி. வணக்கம்" என்றது கைபேசி.

"வாத்தியாரே!" என்றார் மருந்துக்கடைக்காரர். முதுகில் அம்பு வாங்கியவரின் குரல் அது. "உங்க பேச்சைக் கேட்டுத்தானே நான் அண்டாவை விட்டேன்? என் பொண்டாட்டியையும் விட வெச்சேன். வீட்ல இன்னும் அதைச் சொல்லிக் காட்டறா!"

"ஊருக்கு ஒரு திடல் வேணும்" என்றார் வாத்தியார், தாழ்ந்த குரலில். "அந்தப் பொண்ணு ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சுட்டுப் போய் மேட்டுல ஏத்த முடியாம வர்றா. நான் எத்தனை பேருக்குத்தான் ஆறுதல் சொல்றது?"

"அப்ப மீசை?"

"சொன்னது சொன்னதுதான்."

தையற்கடை அக்கா, "நல்ல மனுசன்ணே நீங்க. மீசை போனா மொளைக்கும்" என்றார். அடுத்து ஒலித்தது மருந்துக்கடைக்காரரின் கைபேசி. அதே கட்சி, அதே கேள்வி. அவர் அதை ஸ்பீக்கரில் போடவில்லை. வாசலைக் கடந்து, தெருவைக் கடந்து, எதிர்ப்பக்கத்து மின்கம்பத்தின் மறைவுக்குப் போனார். திரும்பி வந்ததும், கேட்பாரில்லாமலேயே, "ரெண்டு" என்றார். தையற்கடை அக்கா அளவுநாடாவின் நுனியைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்.

பதினொரு மணியளவில் தொலைக்காட்சி அலறியது. சீப்புத் தலைவர் ஒலிவாங்கிக் காட்டுக்குள் வந்து நின்றார். சலூன்காரர் கத்தியைக் கையில் ஏந்தியபடி அண்ணாந்தார். இடக்கன்னத்தில் மீசையின் எல்லையோரம் கொஞ்சம் நுரை பாக்கி. கத்தி அங்கேதான் இருந்தது. அவருடைய கண்தான் அங்கே இல்லை. வாத்தியாரின் கால்மீதும் இல்லை. பல ஆண்டுப் பழக்கத்தை, தான் போட்ட ஓட்டு என்னவாகிறது என்று பார்க்க, ஒரே ஒரு நிமிடம் விட்டார்.

"மக்களின் விருப்பப்படி, பீரோக் கட்சியோடு சேர்ந்து ஆட்சி அமைக்கிறோம்" என்றார் தலைவர்.

கால் அசையவில்லை. மீசைக்கு மரண ஓலை வாசிக்கப்பட்டும், அந்த மாபெரும் கால், தன்மானமுள்ள கால், கால்தாங்கியில் கன்றுக்குட்டிபோல் கிடந்தது.

தலைவர் நிபந்தனைகளின் நிலையைச் சொன்னார். முதலாவது, ஏற்கப்பட்டது. இரண்டாவது, ஏற்கப்பட்டது. வாத்தியாரின் மார்பு விம்மியது; மீசை கடைசியாக ஒருமுறை நிமிர்ந்து நின்றது.

"மூன்றாவது, ஊருக்கொரு ஓட்டுநர் தேர்வுத் திடல். இது பரிசீலிக்கப்படும்."

டங்!

மலை குலுங்கியதுபோல் நாற்காலி குலுங்கியது. உடல் முன்னே பாய்ந்தது, முகமும் பாய்ந்தது, கத்தி நின்ற இடத்திலேயே நின்றது. கருமுகிற் படலத்தின் இடப்பாதி, ஓசையின்றி, வெண்துகிலின்மேல் வந்து அமர்ந்தது.

தோலில் ஒரு கீறல்கூட இல்லை. சலூன்காரரின் கைத்திறம் அப்போதும் பொய்க்கவில்லை. ஆனால் அவருடைய முகம் வெளுத்தது.

"ஐயோ வாத்தியாரே, காலைப் பாக்காம விட்டுட்டேனே!"

வாத்தியார் கண்ணாடியைப் பார்த்தார். வலப்பக்கம் பேரரசு, இடப்பக்கம் பாலைவனம். இடப்பக்கத்துக்காரர் யாரோ பள்ளிக்கூடத்துச் சிறுவன்போல் விழித்தார்.

மருந்துக்கடைக்காரர், எதிரியின் வீழ்ச்சியில் மகிழவும் மனமின்றி, மகிழாதிருக்கவும் மனமின்றி, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அவங்களே முழுசா ஒத்துக்கலை. நீங்க மட்டும் ஏன் முழுசா எடுக்கணும்? மீதிப் பாதி பரிசீலனைல இருக்கட்டும் வாத்தியாரே."

முதலில் சிரித்தவர் தையற்கடை அக்கா. அடுத்து சலூன்காரர், கத்தியை மேசையில் வைத்துவிட்டு. கடைசியில் துகில் குலுங்கத் தொடங்கியது. வாத்தியாரும் சிரித்தார். பாதி மீசையோடு சிரிப்பது எளிதன்று. ஒரு பக்கம் மட்டும் ஆடும். அதைக் கண்ணாடியில் கண்டு அவருக்கு இன்னும் சிரிப்பு வந்தது.

"எடுங்க" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நான் சொன்னதைச் செஞ்சாத்தான் நாளைக்கு அவங்க வாசல்ல போய் நின்னு நீங்க சொன்னது என்னாச்சுன்னு கேக்க முடியும். இந்த மொகத்தோடயே போறேன்."

"நானும் வர்றேன்" என்றார் மருந்துக்கடைக்காரர். "எனக்குத் திடல் கிடல் வேணாம். ஆனா கேக்கறதுன்னா வர்றேன்."

"கடையை யார் பாத்துக்குவா?" என்றார் அக்கா.

"என் பொண்டாட்டிதான். அவ அண்டாவுக்கே போட்டிருக்கலாம்னு சொல்லிட்டே பாத்துக்குவா."

கத்தி இறங்கியது. வலப்பாதியும் இடப்பாதியோடு சேர்ந்தது. இரண்டும் துகிலின்மேல் கூட்டணியாகக் கிடந்தன. சலூன்காரர் அவற்றைத் தரையில் உதறாமல், ஒரு காகிதத்தில் பொதிந்து, கண்ணாடிக்குக் கீழே வைத்தார்.

வீரர் வீடு திரும்பினார். மேலுதட்டில் முதன்முதலாகக் காற்று பட்டது, குளிர்ந்தது. கையால் மூடிக்கொண்டு நடந்தார். தெருமுனையில் அவருடைய பெயர்ப்பலகையின் பெரிய மீசை அவரைத் தெரியாதவரைப் பார்ப்பதுபோல் பார்த்தது. தலைகுனிந்து அதைக் கடந்தார். வீட்டு வாசலில் ஒரு கணம் நின்றார். இருபத்திரண்டு ஆண்டு இல்லறத்தில் அந்த உதட்டைக் காணாத ஒருத்தி உள்ளே இருந்தாள். அவள் அலறலாம்; அழலாம்; சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொள்ளலாம்; அனைத்துக்கும் நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டார்; படையிழந்து முடியிழந்து சொல் மட்டும் இழக்காத மன்னவனாக, நிமிர்ந்து, உள்ளே சென்று, முற்றிய பகல்வெளிச்சம் முகத்தில் முழுமையாக விழும் இடம் பார்த்து நின்று, மூடியிருந்த கையை எடுத்தார்.

குளியலறையிலிருந்து வாளியோடு வந்த மனைவி நின்று, அவரை நேருக்கு நேராக, நன்றாகப் பார்த்தாள்.

"வாஷர் எங்க?"